கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் எதற்கு? இண்டியானா ஸ்டேட் செய்த தப்பு என்ன?

கேள்வி | 2024 மார்ச் 11, திங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், நேற்று செயின்ட் லூயிஸில் நடந்த கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் இறுதியில் இண்டியானா ஸ்டேட் 80-84 என்று டிரேக் அணியிடம் தோற்றுவிட்டது. நவம்பரிலிருந்து 28 வெற்றி, 6 தோல்வி. மிசூரி வேலி கான்ஃபரன்ஸில் (கான்ஃபரன்ஸ் என்றால் சில கல்லூரிகள் சேர்ந்த குழு) 20 லீக் ஆட்டத்தில் 17 ஜெயித்து முதலிடம். இவ்வளவும் செய்துவிட்டு, நாலு நாள் நாக் அவுட்டில் ஒரே ஒரு ஆட்டம் போனதால் மார்ச் மேட்னஸ் எனும் தேசிய டோர்னமென்ட்டில் இடம் கிடைப்பது சந்தேகம் என்கிறார்கள். அப்படியானால் லீக் எதற்கு? ஐபிஎல்லில்கூட முதல் இரண்டு அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டே.

மார்ச் 11, இரவு

இந்த வருடம் தேசிய டோர்னமென்ட்டில் 68 அணி. அதில் 32 இடம் 32 கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போகிறது. மீதி 36 இடத்தை ஒரு கமிட்டி உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறது. சாம்பியன் யார் என்பதை அந்தந்த கான்ஃபரன்ஸ் முடிவு செய்துகொள்ளலாம். லீக் முதலிடத்துக்கே கொடுக்கலாம், தடுப்பார் இல்லை. ஐவி லீக் 2016 வரை அப்படித்தான் கொடுத்தது. இன்று எல்லோருமே டோர்னமென்ட் நடத்தி, அதில் ஜெயித்தவருக்குத்தான் கொடுக்கிறார்கள்.

காரணம் டிவி. மார்ச் முதல் இரண்டு வாரத்தில்தான் சின்ன கல்லூரிகளின் பெயர் நாடு முழுக்கக் கேட்கும். அதை யாரும் விடமாட்டார்கள்.

இன்னொன்று. டிரேக்கைத் திட்டாதீர்கள். இன்று காலை நிலவரப்படி அவர்களும் 28 வெற்றி, 6 தோல்விதான். அச்சு அசலாக ஒரே கணக்கு. ஒருவருக்கு டிக்கெட், இன்னொருவருக்கு கமிட்டி பட்டியல் வரும் அடுத்த ஞாயிறு வரை நகம் கடிக்கும் வேலை.

மார்ச் 12, காலை

கமிட்டி இண்டியானா ஸ்டேட்டை எடுக்குமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். என் கணிப்பு: எடுக்காது. கணினித் தரவரிசையில் முதல் 30க்குள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் பெரிய அணிகளோடு மோதிய ஆட்டங்கள் குறைவு. ஏன் குறைவு? பெரிய அணிகள் இவர்களோடு விளையாட ஒப்புக்கொள்வதில்லை. ஜெயித்தால் பெயரில்லை, தோற்றால் அவமானம். ஆடக் கூப்பிடமாட்டார்கள், அப்புறம் ஏன் ஆடவில்லை என்று கேட்பார்கள்.

இண்டியானா ஸ்டேட்டின் ராபி அவிலாவைப் பார்க்காதவர்கள் ஒரு ஐந்து நிமிடம் யூடியூபில் பாருங்கள். விளையாட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கும் ஒரு சென்டர். உயரமானவர்கள் கூடைக்கு அடியில் நிற்பார்கள். இவர் வெளியே நின்று பாஸ் கொடுத்து ஆட்டத்தையே நடத்துகிறார். கூடைப்பந்து ஜாம்பவான் லாரி பேர்ட் படித்த கல்லூரி இது. 2011க்குப் பிறகு தேசிய டோர்னமென்ட் பக்கமே போனதில்லை.

மார்ச் 12, இரவு

நான் இருப்பது ராலேக்கு ஒட்டிய கேரி. ஆபீஸில் சிவப்புச் சட்டை என்.சி. ஸ்டேட், வானநீலம் நார்த் கரோலினா, அடர்நீலம் டியூக். மூன்று கல்லூரியும் அரை மணி நேர ஓட்டத்துக்குள். இந்த வாரம் யாரும் வேலை பார்ப்பதாகத் தெரியவில்லை. டர்ஹமில் வளர்ந்த சக ஊழியர் ஒருவர் சொன்னார்: அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஏசிசி (இந்த மூன்று கல்லூரியும் இருக்கும் கான்ஃபரன்ஸ்) டோர்னமென்ட் நடக்கும் வெள்ளிக்கிழமை, டீச்சரே சக்கரம் வைத்த டிவியை வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு வருவாராம்.

இந்த வருடம் ஏசிசி டோர்னமென்ட் வாஷிங்டனில். என்.சி. ஸ்டேட் (இனி வெறும் ஸ்டேட்) லீக்கில் 10வது இடம். கடைசி நாலு லீக் ஆட்டமும் தோல்வி. இன்று லூயிவில்லை 94-85 என்று ஜெயித்தார்கள். சிவப்புச் சட்டை நண்பரிடம் வாழ்த்துச் சொன்னேன். "எங்கள் கோச்சை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

மார்ச் 13

லூயிவில் தங்கள் கோச்சை அனுப்பிவிட்டது. கை தவறிய கத்தி பக்கத்து வீட்டில் விழுந்திருக்கிறது. ஸ்டேட் இன்று சிராக்யூஸை 83-65 என்று ஊதித் தள்ளியது.

மார்ச் 14, நள்ளிரவு தாண்டி

டியூக்கையும் 74-69 என்று கவிழ்த்துவிட்டார்கள். மூன்று நாளில் மூன்று.

ஸ்டேட்டில் டி.ஜே. பர்ன்ஸ் என்று ஒருவர். 6 அடி 9 அங்குலம், 275 பவுண்ட், இடது கை. இந்தக் காலத்தில் எல்லோரும் வெளியே நின்று மூன்று புள்ளி எறிகிறார்கள். இவர் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தடுப்பவரை இடுப்பால் ஒரு இடி, இன்னொரு இடி என்று அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டே போகிறார். இரண்டாவது ஆள் உதவிக்கு ஓடி வந்தால், காலியாக நிற்பவரிடம் பந்து போய்விடும். வராவிட்டால் உடம்பைச் சுழற்றி, தலைக்கு மேலே ஒரு கையால் சின்னதாக ஒரு எறி. எறியும்போது முகத்தில் சிரிப்பு வேறு. தடுப்பவர்களுக்கு அந்தச் சிரிப்புதான் எரிச்சல் என்று நினைக்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். "டோர்னமென்ட் வேண்டாம்" என்று நேற்று நானே பாதி ஒத்துக்கொள்ளும் மனநிலையில் இருந்தேன். இன்று இதைப் பார்த்தபின் அப்படி எழுதக் கை வரவில்லை.

மார்ச் 15, மாலை

1974 ஏசிசி இறுதி ஆட்டம் பற்றிக் கேட்டவருக்கு. அந்தக் காலத்தில் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே அணிதான் தேசிய டோர்னமென்ட்டுக்குப் போக முடியும். ஏசிசியில் அது டோர்னமென்ட் சாம்பியன். கிரீன்ஸ்பரோவில் இறுதி ஆட்டம்: நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த என்.சி. ஸ்டேட், 4வது இடத்தில் இருந்த மேரிலாண்ட். ஓவர்டைம் போய் 103-100. ஸ்டேட்டின் டாம் பர்ல்சன் மட்டும் 38 புள்ளி. இத்தனைக்கும் அப்போது மூன்று புள்ளிக் கோடே கிடையாது.

ஸ்டேட் போய் யூசிஎல்ஏவின் ஏழு வருடத் தொடர் ஆதிக்கத்தை முடித்துப் பட்டத்தோடு வந்தது. மேரிலாண்ட் வீட்டுக்குப் போனது. ஆறுதல் பரிசு மாதிரி நியூயார்க்கில் நடக்கும் என்.ஐ.டி. டோர்னமென்ட்டுக்குக் கூப்பிட்டார்கள், அதற்கும் போகவில்லை. அடுத்த வருடமே தேசிய டோர்னமென்ட்டை 32 அணியாக்கி, ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து இன்னொரு அணியும் வரலாம் என்று திறந்துவிட்டார்கள். அந்த ஒரு ஆட்டத்தால்தான் என்று சொல்வது மிகை. ஆனால் எல்லோர் மனதிலும் அந்த ஆட்டம் இருந்தது.

கவனியுங்கள், திறந்த அந்தக் கதவு யாருக்குப் பயன்பட்டது? மேரிலாண்ட் மாதிரிப் பெரிய அணிகளுக்கு. இண்டியானா ஸ்டேட் இன்னமும் 1974இல்தான் இருக்கிறது.

மார்ச் 15, இரவு (தூக்கம் வராது போல)

ஏசிசி அரை இறுதி. வர்ஜீனியா 58, ஸ்டேட் 55. மீதி 5.3 விநாடி. வர்ஜீனியாவின் ஐசக் மெக்னீலி ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு) எறிய நிற்கிறார். ஒன்-அண்ட்-ஒன்: முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். விழுந்தால் நாலு புள்ளி வித்தியாசம், கதை முடிந்தது. விழவில்லை.

பந்தை வாங்கிய மைக்கேல் ஓகானல் ஓடுகிறார். ஒரு டைம் அவுட் இல்லை, வரைபடம் இல்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, கைக்கு மேலே ஒரு கை மறைக்க, எறிகிறார். போர்டில் பட்டு, வளையத்தில் ஏறி, கொஞ்சம் யோசித்து, உள்ளே விழுகிறது. 58-58. ஓவர்டைமில் வர்ஜீனியாவுக்கு மூச்சு இல்லை. 73-65.

நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து மனைவி இறங்கி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். ஸ்டேட் ஜெயித்துவிட்டது என்றேன். "நீங்கள் எப்போது ஸ்டேட் ஆளானீர்கள்?" நியாயமான கேள்வி. செவ்வாய்க்கிழமையிலிருந்து என்று நினைக்கிறேன்.

மார்ச் 16, காலை

இன்று இறுதியிலும் ஜெயித்தால் ஸ்டேட்டுக்கு ஐந்து நாளில் ஐந்து வெற்றி. இதற்கு முன் யாராவது அப்படி ஜெயித்திருக்கிறார்களா? ஏசிசியில் இல்லை. பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் உண்டு: 2011இல் கனெக்டிகட். கெம்பா வாக்கர் என்ற ஆறடிப் பையன் ஐந்து நாளில் 130 புள்ளி எடுத்தார். பிட்ஸ்பர்க்கோடு ஆடிய கால் இறுதியில், கடைசி நொடியில் அவர் ஒரு அடி பின்வாங்கியதில் தடுக்க வந்த உயரமானவர் தரையில் விழுந்தார். அதே அணி அடுத்த மாதம் தேசிய சாம்பியன்.

பிக் ஈஸ்ட் என்றதும் 2009 கால் இறுதியையும் சொல்லாமல் போக முடியாது. சிராக்யூஸ், கனெக்டிகட், மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆறு ஓவர்டைம், சிராக்யூஸ் 127-117 என்று ஜெயித்தது. முதல் ஐந்து ஓவர்டைமிலும் சிராக்யூஸ் ஒரு விநாடிகூட முன்னிலையில் இல்லை! அவர்களின் ஜானி ஃப்ளின் 70 நிமிடத்தில் 67 நிமிடம் களத்தில். முடிந்தபோது நள்ளிரவு கடந்து மணி 1:22. மறுநாள் அரை இறுதியும் ஓவர்டைம், அதையும் ஜெயித்தார்கள். இறுதியில் லூயிவில்லிடம் கால் ஓய்ந்தது.

மார்ச் 16, மதியம்

ஏசிசி என்றாலே நிறையப் புள்ளியா என்று கேட்டவருக்கு: 1968 அரை இறுதி, என்.சி. ஸ்டேட் 12, டியூக் 10. மொத்த ஸ்கோரே அதுதான். இடைவேளையில் 4-2. அப்போது ஷாட் கிளாக் (இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற வரம்பு) இல்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம், நின்றார்கள். அதைப் பணம் கொடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

மார்ச் 16, இரவு

ஸ்டேட் 84, நார்த் கரோலினா 76. ஐந்து நாள், ஐந்து வெற்றி, 1987க்குப் பிறகு முதல் ஏசிசி பட்டம். டி.ஜே. ஹார்ன் 29 புள்ளி. சிறந்த ஆட்டக்காரர் பர்ன்ஸ்.

சிவப்புச் சட்டை நண்பர் காலையிலேயே வாஷிங்டனுக்குக் காரை எடுத்துவிட்டார். கோச்சைப் பற்றிக் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அவர் ஒப்பந்தத்தில் பட்டம் ஜெயித்தால் தானாக இரண்டு வருட நீட்டிப்பு என்று ஒரு வரி இருக்கிறதாம். செவ்வாயன்று அனுப்பச் சொன்னவர் இப்போது சிலை வைக்கச் சொல்கிறார்.

மார்ச் 17, ஞாயிறு இரவு

கமிட்டி பட்டியல் வந்துவிட்டது. இண்டியானா ஸ்டேட் இல்லை.

இந்த வாரம் வெளியிலிருந்து நுழைந்தவர்கள்: என்.சி. ஸ்டேட், பேக்-12 கான்ஃபரன்ஸில் ஓரிகன், அட்லாண்டிக் 10 கான்ஃபரன்ஸில் டூகேன் (1977க்குப் பிறகு இப்போதுதான்). லீக்கில் சுமாராக ஆடியவர்கள் டோர்னமென்ட் ஜெயித்து ஒவ்வொரு இடமாக எடுக்க, பட்டியலின் அடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். செயின்ட் ஜான்ஸ், சீட்டன் ஹால், ஓக்லஹோமா, பிட்ஸ்பர்க், இண்டியானா ஸ்டேட்.

இப்போது வாஷிங்டனில் தோற்றவர்கள் கணக்கைப் பாருங்கள். இறுதியில் தோற்ற நார்த் கரோலினாவுக்கு முதல் நிலை சீடு (தேசிய டோர்னமென்ட்டில் கமிட்டி தரும் தர வரிசை எண்), ஒன்றும் குறையவில்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்ற டியூக்குக்கு 4வது சீடு. ஃப்ரீ த்ரோ விட்ட வர்ஜீனியாவுக்கும் இடம் உண்டு. அதாவது ஸ்டேட் கடைசி மூன்று நாளில் அடித்த அடி, வாங்கியவர்களுக்கு வலிக்கவேயில்லை. இண்டியானா ஸ்டேட்டின் ஊரான டெர்ரா ஹோட்டில் டிவி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வலித்திருக்கிறது. என் கோபம் டோர்னமென்ட் மேல் இல்லை, இதன் மேல்தான். நாக் அவுட் என்றால் எல்லோருக்கும் நாக் அவுட்டாக இருக்கட்டும். பணக்காரர்களுக்குத் திருவிழா, ஏழைகளுக்கு மட்டும் தூக்கு என்றால் எப்படி?

மார்ச் 18

"பிட்ஸ்பர்க்கும் ஏசிசிதானே, அவர்களுக்கு வலிக்கவில்லையா" என்று கேட்டிருக்கிறார்கள். வலித்தது. லீக்கில் 4வது இடம், மொத்தம் 22 வெற்றி, அரை இறுதி வரை வந்தும் வெளியே. ஆனால் நவம்பர், டிசம்பரில் யாரோடு ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி அவர்களுக்கு உண்டு. சும்மா ஆட்களோடு ஆடிவிட்டார்கள் என்பதுதான் கமிட்டிக்கு அவர்கள் மேல் இருந்த குறை. இண்டியானா ஸ்டேட்டுக்கு அந்த வசதியே கிடையாது. வித்தியாசம் அதுதான்.

பணத்தைப் பற்றியும் ஒரு வரி. தேசிய டோர்னமென்ட்டில், இறுதி ஆட்டம் நீங்கலாக, ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த கான்ஃபரன்ஸுக்கு ஒரு பங்கு, ஆறு வருடத்தில் பிரித்துத் தருகிறார்கள், மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். ஏசிசிக்கு அது தேநீர் செலவு. மிசூரி வேலிக்கு அப்படி இல்லை.

மார்ச் 18, இரவு

அப்படியானால் சின்ன கான்ஃபரன்ஸ் என்ன செய்யலாம்? ஐபிஎல் உதாரணம் சொன்னவர் கிட்டத்தட்ட வந்துவிட்டார். வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் லாஸ் வேகஸில் நடத்தும் டோர்னமென்ட்டைப் பாருங்கள், படிக்கட்டு மாதிரி. முதல் இரண்டு அணி நேராக அரை இறுதியில் காத்திருக்கும். கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு படியாக ஏறி, களைத்து வந்து சேர வேண்டும். கொன்சாகா மாதிரி அணிக்கு இரண்டே ஆட்டம். ஒஹையோ வேலியிலும் இதே முறை.

ஆனால் இண்டியானா ஸ்டேட்டுக்கு இது உதவியிருக்காது. அவர்கள் இறுதி வரை வந்துதான் தோற்றார்கள்.

மார்ச் 22

ஐவி லீக்கை மறந்துவிட்டோம். அங்கே நாலே நாலு அணிக்குத்தான் டோர்னமென்ட். இந்த வருடம் லீக் முதலிடம் பிரின்ஸ்டன், அரை இறுதியில் பிரவுனிடம் தோல்வி, வெளியே. இறுதியில் யேல் கடைசி நொடியில் 62-61. இதுவும் அநியாயம் என்று எழுத வந்தேன். அதற்குள் இன்று யேல் 4வது சீடு ஆபர்னை 78-76 என்று வீழ்த்திவிட்டது. இனி யார் போய் யேல் வந்தது தப்பு என்று சொல்வது?

பிரின்ஸ்டன்காரர் ஒருவர் சொல்லலாம். அவருக்கு உரிமை இருக்கிறது.

வர்ஜீனியா செவ்வாயன்று 67-42 என்று கொலராடோ ஸ்டேட்டிடம் தோற்றுத் திரும்பியது. அந்த இடத்தை யாருக்குக் கொடுத்திருக்கலாம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏப்ரல் 1

நேற்று டல்லஸில் ஸ்டேட் டியூக்கை மறுபடியும், 76-64. பர்ன்ஸ் 29 புள்ளி. ஃபைனல் ஃபோர், அதாவது தேசிய அரை இறுதி. 11வது சீடு. மெக்னீலியின் ஃப்ரீ த்ரோ விழுந்திருந்தால் இந்த அணி மார்ச் 15ஆம் தேதியே பெட்டியைக் கட்டியிருக்கும்.

1983இலும் இப்படித்தான். கோச் ஜிம் வல்வானோவின் ஸ்டேட், ஏசிசி டோர்னமென்ட்டில் நார்த் கரோலினாவை ஓவர்டைமில், வர்ஜீனியாவை 81-78 என்று ஜெயித்து உள்ளே போய், கடைசியில் ஹூஸ்டனை 54-52 என்று வீழ்த்திப் பட்டமே வாங்கியது. டோர்னமென்ட் இல்லையென்றால் இந்த ஊருக்கு வரலாறே பாதிதான்.

ஏப்ரல் 7

நேற்று ஃபைனல் ஃபோரில் பர்டூ ஸ்டேட்டை 63-50 என்று ஜெயித்தது. முடிந்தது. ஆபீஸில் சிவப்புச் சட்டைகள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அதற்கு முன்பே, 4ஆம் தேதி, என்.ஐ.டி. இறுதி நடந்தது. யார் யார்? சீட்டன் ஹாலும் இண்டியானா ஸ்டேட்டும். அன்று கமிட்டி கழித்துக்கட்டிய இருவர். சீட்டன் ஹால் 79-77. செயின்ட் ஜான்ஸ், பிட்ஸ்பர்க், ஓக்லஹோமா எல்லாம் எங்களுக்கு இந்த ஆறுதல் பரிசு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இண்டியானா ஸ்டேட் ஒதுங்கவில்லை. உள்ளூரில் மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி, கூட்டம் அலைமோதியது. மொத்தம் 32 வெற்றி, 7 தோல்வி.

ஏப்ரல் 20

இதையும் பதிவு செய்துவிடுகிறேன். இண்டியானா ஸ்டேட் கோச் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். அவிலாவும் அங்கேதான். அதாவது அந்த ஞாயிற்றுக்கிழமை தோற்ற அதே ஊருக்கு. "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரிய கல்லூரிகள் சொல்லலாம். சின்ன கல்லூரிக்கு நல்ல அணி ஒன்று கூடுவதே அபூர்வம். கூடினால் மறுவருடம் கலைத்துவிடுவார்கள். அதனால்தான் ஒரு ஞாயிறை இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன்.

2025 மார்ச் 10

வருடம் ஒன்று ஓடிவிட்டது, இழையை யாரோ மேலே இழுத்திருக்கிறார்கள், அதனால் நிலவரம். ஏசிசியில் இப்போது 18 அணி. கலிஃபோர்னியாவிலிருந்து ஸ்டான்ஃபர்டும் சேர்ந்தாயிற்று, அட்லாண்டிக் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஆனால் டோர்னமென்ட்டுக்கு 15 அணிக்குத்தான் அனுமதி. கடைசி மூன்றுக்கு வீடு.

நடப்பு சாம்பியன் என்.சி. ஸ்டேட் அந்த மூன்றில் ஒன்று. 12 வெற்றி, 19 தோல்வி. ஜெயித்த பட்டத்தைக் காப்பாற்ற அரங்குக்குள்ளேயே விடவில்லை. கோச் கெவின் கீட்ஸை நேற்று அனுப்பிவிட்டார்கள், நீட்டிப்பு வரி இருந்தும். நண்பரிடம் சிலையைப் பற்றி நான் கேட்கவில்லை.

2025 மார்ச் 11

இந்த வருட ஏசிசி டோர்னமென்ட் நடக்கும் சார்லட்டுக்கு டிக்கெட் வாங்கலாமா என்று கேட்டவருக்கு. முழு வாரத்துக்கும் சேர்த்து விற்கும் டிக்கெட் கட்டு வேண்டாம். நான் 2023இல் கிரீன்ஸ்பரோவில் செய்ததைச் செய்யுங்கள். புதன்கிழமை மதியம் வெறும் கையோடு போங்கள். ஒரு டிக்கெட்டில் இரண்டு ஆட்டம், பாதி இருக்கை காலி, இரண்டு கல்லூரி பேண்டும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் அமுக்கப் பார்க்கும், அதுவே தனிக் கச்சேரி. அப்புறம் வாசலில் நில்லுங்கள். தோற்ற அணியின் ஆட்கள் வெளியே வந்ததும், மீதி நாள் டிக்கெட்டை வந்த விலைக்குத் தள்ளுவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசக் கொஞ்சம் மனசு வராது. பத்து டாலர் குறைத்துக் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.